அந்த ‘ஆர்’ எங்கே போனது?

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தகரக் கூரைக்குக் கீழே எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று நிற்கிறது. 1965 இல் இங்கிலாந்தின் அபிங்டனில் பூட்டிய ரோட்ஸ்டர், இரண்டே இருக்கை, துணி ஹூட். ஐம்பது வருசத்துக்கு மேலாக ஒரே குடும்பத்தில் இருக்கிறது. உரிமையாளரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். சொந்தமில்லை, அப்பாவோடு ஒரே கந்தோரில் வேலை செய்தவர்.

2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு கொழும்பில் வீட்டுக் கோடியில் துருப்பிடித்துக் கிடந்ததெல்லாம் ‘கிளாசிக்’ ஆகிவிட்டது. மாமாவின் காருக்கும் ஆள் வந்தது. வந்தவர் விசயம் தெரிந்தவர். காரைச் சுற்றிவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்: ஓவர்டிரைவ் கம்பனியிலிருந்தே வந்ததா, பிறகு பூட்டியதா? முன்னதென்றால் ஒரு விலை, பின்னதென்றால் இன்னொரு விலை.

மாமா அன்றிரவே எனக்குப் போன் எடுத்தார். “தம்பி, நீர் ஒருக்கா வந்து பாரும். டாஷ்போட்டில சுவிட்ச் கிடக்குது. அது காணும்தானே?”

“காணாது மாமா” என்றேன். அரை மணித்தியால வேலை என்று நினைத்துத்தான் போனேன். நாலு மாதம் இழுத்தது.

ஓவர்டிரைவ் என்பது என்னவென்று தெரியாதவர்களுக்காக ஒரு பந்தி. எம்ஜிபிக்கு நாலு கியர். கியர்பொக்ஸின் வால் பக்கத்தில் இன்னொரு சின்னப் பெட்டியைப் பூட்டித் தரும்படி கூடுதல் காசு கொடுத்துக் கேட்கலாம். லேகொக் கம்பனியின் பெட்டி. உள்ளே நடுவில் ஒரு பற்சக்கரம், அதைச் சுற்றிச் சின்னச் சின்னதாய் சில, எல்லாவற்றையும் சூழ்ந்து வளையமாய் இன்னொன்று. சுவிட்சைத் தட்டினால் சோலனொயிட் என்ற மின்காந்தம் ஒரு வால்வைத் திறக்கும், ஒயில் அழுத்தம் ஒரு கூம்புக் கிளட்ச்சைத் தள்ளி உறையோடு இறுக்கும், நடுச் சக்கரம் அசையாமல் நின்றுவிடும். அப்போது வெளியே போகும் தண்டு உள்ளே வரும் தண்டை விட வேகமாகச் சுற்றும். விகிதம் 0.802. மூன்றாம், நாலாம் கியர்களில் மட்டும் வேலை செய்யும் என்பதால் மொத்தம் ஆறு கியர் இருப்பது போல. நாலாம் கியரில் மணிக்கு 100 கிலோமீட்டர் போக எஞ்சின் ஏறக்குறைய 3,500 தடவை சுற்ற வேண்டுமென்றால், ஓவர்டிரைவில் 2,800 போதும். கிளட்ச் மிதிக்கவும் தேவையில்லை.

சரி, சுவிட்ச். டாஷ்போட்டில் மேலும் கீழும் தட்டுகிற சின்ன சுவிட்ச் இருந்தது. தட்டினால் டிக் என்றது, வேறு ஒன்றும் நடக்கவில்லை. பஞ்சிகாவத்தைக்குப் போனால் இப்படி ஒரு சுவிட்சை ஒரு பிளேன்ரீ குடித்து முடிப்பதற்குள் வாங்கி வந்து பூட்டலாம். ஆகவே சுவிட்சுக்குச் சாட்சி மதிப்பு இல்லை. அதை மாமாவிடம் சொன்னதும் முகம் சுருங்கியது. மாமி பிளேன்ரீ ஊற்றப் போனார். குசினியிலிருந்து டொக் டொக் என்று பனங்கட்டி உடைக்கும் சத்தம் வந்தது. அந்த வீட்டில் சீனி போட்ட தேத்தண்ணியை நான் குடித்ததேயில்லை. எப்போதும் பனங்கட்டித் துண்டு ஒன்றைக் கடித்துக்கொண்டுதான்.

இந்தக் கார்களுக்கு உண்மையான சாட்சி எஞ்சின் இலக்கம். எம்ஜிபி எஞ்சினின் வலது பக்கத்தில், புளொக்கோடு ரிவெட் அடித்த ஒரு சின்னத் தகடு இருக்கும். 1964 ஒக்டோபரிலிருந்து வந்த ஐந்து பெயரிங் எஞ்சினென்றால் அதில் ‘18ஜிபி’ என்று தொடங்கும். 18 என்றால் 1800 சீசி (சரியாகச் சொன்னால் 1798), ‘ஜி’ எம்ஜிக்கு, ‘பி’ அந்த எஞ்சினின் எத்தனையாவது வடிவம் என்பதற்கு. அடுத்து வரும் எழுத்தில்தான் சங்கதி இருக்கிறது. வெறும் ‘யு’ என்றால் நடுவில் கியர் தடி உள்ள சாதாரணப் பெட்டி. ‘ஆர்யு’ என்றால் ஓவர்டிரைவோடு வந்தது. கடைசியில் ‘எச்’ அல்லது ‘எல்’. உயர் அமுக்கமா, தாழ் அமுக்கமா என்று. 8.8க்கு 1, அல்லது மட்டமான பெற்றோல் கிடைக்கும் நாடுகளுக்காக 8க்கு 1.

அதாவது எஞ்சினைப் பார்த்தே கியர்பொக்ஸைச் சொல்லிவிடலாம். அபிங்டன் பூட்டுகிற இடம்தான், எல்லாவற்றையும் செய்கிற இடமல்ல. பொடி ஸ்விண்டனிலிருந்து வரும், எஞ்சின் கொவென்றியிலிருந்து வரும். வரிசையில் நிற்கிறவனுக்கு இந்த எஞ்சின் எந்தக் காருக்கு என்று தகட்டைப் பார்த்த உடனே தெரிய வேண்டும். அவனுக்காக அடித்த எழுத்து அறுபது வருசம் கழித்து நமக்கு உதவுகிறது.

உங்களிடம் பிந்திய கார் இருந்தால் எழுத்துகள் வேறு. 1967 கடைசியில் முதல் கியருக்கும் சிங்க்ரோ (ஓடும்போதே கியர் கறகறக்காமல் விழ உதவும் உறுப்பு) வந்த புதிய பெட்டி ஏறியதும் ‘யு’ போய் ‘டபிள்யூஇ’ வந்தது, ஓவர்டிரைவ் உள்ளதற்கு முன்னால் அதே ‘ஆர்’. ‘ஆர்சி’ என்று கண்டால் அது போர்க் வோர்னர் ஓட்டோ கியர். ‘ஆர்’ கண்டதும் துள்ளிக் குதிக்காமல் பக்கத்து எழுத்தையும் வாசியுங்கள்.

எனக்கோ துள்ளிக் குதிக்கவே சந்தர்ப்பம் கிடைக்கவில்லை. மண்ணெண்ணெயும் பழைய பல்துலக்கியும் கொண்டு அந்தத் தகட்டைத் தேய்த்தேன். ஐம்பது வருசக் கரி, ஒயில், கடற்காற்றின் உப்பு. எழுத்துகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. 18 இல்லை. ஜிபி இல்லை. எனக்குப் பழக்கமேயில்லாத ஓர் இலக்கம். தகட்டுக்குப் பக்கத்தில் சிவப்புப் பெயின்ற் சற்று உரிந்திருந்தது, அதற்குக் கீழே தங்க நிறம்.

புரிந்துவிட்டது. கோல்ட் சீல். எம்ஜியைச் செய்த பிஎம்சி கம்பனி தானே பழைய எஞ்சின்களைப் பிரித்து, திருத்தி, தங்க நிறம் பூசி, மாற்று எஞ்சினாக விற்றது. அதற்கு வேறு இலக்க வரிசை. எஞ்சின் மட்டும் தனியாகப் போவதால் கியர்பொக்ஸைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இருக்காது. எஞ்சின் நல்ல எஞ்சின்தான். ஆனால் என் கேள்விக்கு அது வாய் பேசாத சாட்சி.

“கம்பனித் தங்கமோ!” என்று மாமா மட்டும் கொஞ்சம் சந்தோசப்பட்டார்.

அடுத்தது பதிவுப் புத்தகம். மாமா அதை அலுமாரியின் அடித்தட்டில், உறுதிக் கட்டுகளோடு ஒரு பொலித்தீன் பையில் வைத்திருந்தார். காரைக் கொண்டுவந்தவர் மாமாவின் தமையனார். இங்கிலாந்தில் படித்து, கொஞ்சக் காலம் வேலையும் செய்துவிட்டு, 1970 இல் திரும்பும்போது கப்பலில் ஏற்றி வந்திருக்கிறார். இலக்கத் தகட்டில் சிங்கள ஸ்ரீ. ஐம்பதுகளின் இறுதியில் அந்த எழுத்துக்காக என்னவெல்லாம் நடந்தது என்பது நம்முடைய வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். அந்த எழுத்தின் மேல் தார் பூசிய கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். இன்றைக்கு அதே ஸ்ரீத் தகடு இருந்தால் பழைய காருக்கு மவுசு அதிகம். தகட்டைக் கழற்றாதீர்கள் என்று நானே சொல்கிறேன். என்ன செய்வது.

புத்தகத்தில் எஞ்சின் இலக்கம் இரண்டு இருந்தது. பின்னாளில் எழுதியது கோல்ட் சீல் இலக்கம். அதற்கு மேலே, சிவப்பு மையால் ஒரே கோடாக வெட்டப்பட்டு, பழையது. என் கை நடுங்கியது என்றால் நம்புவீர்களா? கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தேன். இலக்கங்கள் மட்டும். அந்தக் காலத்து லிகிதர், அழகான சாய்ந்த கையெழுத்தில், எண்களை மட்டும் எழுதிவிட்டு முன்னால் இருந்த எழுத்துகளை எல்லாம் விட்டிருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு அது ஒரு கார், இதில் ‘ஆர்’ இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன?

செசி இலக்கத்தை மட்டும் எழுத்தோடு எழுதியிருந்தார், நல்ல காலம். ‘ஜிஎச்என்3’. ‘ஜி’ எம்ஜி, ‘எச்’ 1400க்கும் 1999க்கும் இடைப்பட்ட சீசி, ‘என்’ இரண்டு இருக்கைத் திறந்த கார், மூன்று என்பது அந்த வரிசையின் மூன்றாவது தலைமுறை. இடது கை ஓட்டுகிற காருக்கு ‘எல்’ சேரும், இதில் இல்லை. ஆனால் செசி இலக்கம் கியர்பொக்ஸைப் பற்றிப் பேசாது.

இந்த இடத்தில்தான் நானாவைக் கூப்பிட்டேன். கிராண்ட்பாஸில் கராஜ் வைத்திருக்கிறார். மொரிஸ் ஒக்ஸ்போர்ட், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மைனர் என்று பிஎம்சிக் கார்களிலேயே வளர்ந்த கை. இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் அவருடைய வாப்பா ஒரு காருக்கு இன்னொரு காரின் உறுப்பைப் போட்டு உயிர் கொடுத்தவர். கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வார்: “அந்த நாளையில ஒரிஜினல் எண்டா ஓடுற சாமான் தம்பி.” அதையும் மறக்கக் கூடாது. எழுபதுகளில் ஒரு கியர்பொக்ஸ் உடைந்தால் லண்டனுக்கு எழுதிப்போட்டு வரவழைக்க யாரால் முடிந்தது? கிடைத்ததைப் பூட்டினார்கள். இப்போது நாங்கள் வந்து, ஐயோ இது சரியான வருசத்து உறுப்பில்லையே என்று மூக்கைச் சுளிக்கிறோம்.

நானா காருக்குக் கீழே ஒரு சாக்கை விரித்து, டோர்ச்சோடு உள்ளே போனார். வெளியே இரண்டு செருப்பு மட்டும் தெரிந்தது.

“பொட்டி ஈக்கி தம்பி. ஓவர்டிரைவ் பொட்டிதான். டி டைப்.”

நல்ல செய்தி. எம்ஜிபிக்கு லேகொக் இரண்டு வகை கொடுத்தது. 1967 வரை ‘டி’ வகை, அதன்பின் புதிய கியர்பொக்ஸோடு ‘எல்எச்’ வகை. ‘டி’யில் சோலனொயிட் வெளியே பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருக்கும், ஒரு சின்ன நெம்புகோலை இழுக்கும். ‘எல்எச்’சில் அடியில் சதுரத் தட்டு, அதில் கறுப்பு அல்லது நீல லேபிள். 1965 காரில் நீல லேபிளைக் கண்டால் மேற்கொண்டு எதையும் கேட்கவே வேண்டாம், கியர்பொக்ஸ் முழுவதும் மாறியிருக்கிறது. இங்கே அப்படியில்லை. முதல் கியருக்குச் சிங்க்ரோ இல்லை, ஓடும்போது போட்டால் கறகறவென்றது. கார்ப்பெற்றைத் தூக்கினால் ரப்பர் மூடிக்குக் கீழே கியர்பொக்ஸின் டிப்ஸ்டிக். எல்லாம் அந்த வருசத்துக்குப் பொருத்தம்.

ஆனால் பொருத்தமானது எல்லாம் பிறப்பிலே வந்ததாகாது. சரியான வருசத்து ஓவர்டிரைவ் பெட்டியை யாராவது பிறகு பூட்டியிருக்கலாம். இந்தக் காரில் அது லேசான வேலையில்லை, எஞ்சினை வெளியே எடுக்காமல் கியர்பொக்ஸ் வராது. ஆனால் இங்கே எஞ்சின் ஒருமுறை வெளியே வந்திருக்கிறதே! தங்க நிறம்தான் அதற்குச் சாட்சி. அதே நாளில் பெட்டியையும் மாற்றியிருந்தால்?

ஆக நான் தேட வேண்டியது பெட்டியை அல்ல, பெட்டியோடு சேர்ந்து வந்த அற்பச் சாமான்களை. பிறகு பூட்டுகிறவன் பெரிய உறுப்பைப் பூட்டுவான், ஓட்டிப் பார்ப்பான், வேலை செய்தால் விட்டுவிடுவான். சின்னச் சின்னத் துணை உறுப்புகளுக்கு அலைய மாட்டான். கம்பனி மட்டும்தான் அவற்றை ஒழுங்காகப் போடும்.

முதலாவது, வெக்யூம் சுவிட்ச். ‘டி’ வகைக் காலத்தில் கம்பனி ஒரு ரிலேயும், எஞ்சினுக்குள் காற்று போகும் இன்லெற் மேனிபோல்டிலிருந்து மெல்லிய குழாயில் காற்றை உறிஞ்சுகிற ஒரு சுவிட்சும் வைத்தது. எக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்த நிலையில் ஓவர்டிரைவை நிறுத்தினால் கார் உதறும். அதைத் தடுக்க, நீங்கள் மறுபடி மிதிக்கும் வரைக்கும் இது விடாமல் பிடித்து வைத்திருக்கும். அது இல்லாமலும் ஓவர்டிரைவ் வேலை செய்யும், ஆகவே பிறகு பூட்டுகிற யாரும் அதைத் தேடிப் போக மாட்டார்கள். மாமாவின் காரில் சுவிட்சும் இல்லை, ரிலேயும் இல்லை. ஆனால் மேனிபோல்டில் மெல்லிய குழாய் பூட்டும் வாய் ஒன்று இருந்தது, ரப்பர் துண்டை மாட்டி உள்ளே ஓர் ஆணியைச் செருகி அடைத்திருந்தார்கள்.

“பிரேக் சேர்வோக்கு வச்சதோ?” என்று நானே எதிர்க் கேள்வி போட்டேன். பிரேக்குக்கு உதவும் சேர்வோவும் அங்கேயிருந்துதான் காற்றை உறிஞ்சும்.

நானா சுண்டுவிரலை அதன் பக்கத்தில் வைத்துக் காட்டினார். “சேர்வோக்கு இந்தச் சைஸ் காணுமா தம்பி? அதுக்குத் தடிச்ச பைப் வேணும்.”

இரண்டாவது, வயர். பிரிட்டிஷ் கார்களில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நிறம். மண்ணிறம் பற்றரிக்கு, வெள்ளை இக்னிஷனுக்கு, கறுப்பு ஏர்த்துக்கு, மஞ்சள் ஓவர்டிரைவுக்கு. இந்தக் காரின் ஹார்னஸ், அதாவது வயர்க் கட்டு, பருத்தி நூலால் பின்னியது. டாஷ்போட்டுக்குக் கீழே தலையைக் கவிழ்த்துப் படுத்தேன். என் வயதில் அது ஒரு யோகாசனம். கழுத்தைத் திருப்பி டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பார்த்தால், சுவிட்சிலிருந்து புறப்படும் வயர் இரண்டு கை நீளத்துக்கு புதிது, சிவப்பு, கறுப்பு ரேப் சுற்றியது. யாரோ பிறகு இழுத்தது. மனம் உடைந்தது. ஆனால் அந்தச் சிவப்பு வயர் போய்ச் சேரும் இடத்தில், பின்னலின் வாயிலிருந்து ஒரு மஞ்சள் நுனி எட்டிப் பார்த்தது. ஒரு நகத்தளவுதான். அழுக்கைத் துடைத்தால் அசல் எலுமிச்சை மஞ்சள். பின்னலுக்குள் வயரைப் பிறகு நுழைக்க முடியாது, நூலை அறுக்க வேண்டும். அறுத்த அடையாளம் இல்லை.

உடனே மாமாவைக் கூப்பிட்டுச் சொல்லியிருப்பேன். நானா தடுத்தார். ஹார்னஸ் நெய்கிறவனுக்கு இரண்டு வகை நெய்வது செலவு, எல்லாக் காருக்கும் பொதுவாக ஒரு மஞ்சள் வயரை விட்டிருக்கலாம் அல்லவா என்றார். நியாயம்தான். ஆகவே வயர் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நில்லாமல் அதன் நுனியைப் பார்க்க வேண்டும். ஒருபோதும் பூட்டாத நுனி பளிச்சென்று இருக்கும். இந்த நுனியில் பித்தளைக் குமிழ் கறுத்து, ஒரு பக்கம் உருகியிருந்தது. ‘டி’ வகைச் சோலனொயிட் இழுக்கும்போது ஒரு கணத்துக்குப் பெரிய மின்னோட்டம் கேட்கும், பிடித்த பிறகு கொஞ்சம்தான். அது இழுக்கிற நெம்புகோல் தன் இடத்துக்குப் போகாவிட்டால் பெரிய மின்னோட்டம் விடாமல் பாய்ந்து எதையாவது எரிக்கும். இங்கே வயர் எரிந்திருக்கிறது. எரிந்ததால்தான் சிவப்பு வயர் வந்திருக்கிறது. மஞ்சள் வயர் வேலை செய்த வயர்!

மூன்றாவது சாட்சியை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. பொனட்டுக்குள், பின்பக்கம், ஒரு சதுரப் பெட்டி. ஹீட்டர். கொழும்பில்! சித்திரை மாதத்து மத்தியானம் கூரையில்லாத கார் ஒன்றில் ஹீட்டர். அந்த நாட்களில் எம்ஜிபிக்கு ஹீட்டரும் காசு கொடுத்துக் கேட்டால்தான் கிடைக்கும். இலங்கைக்கென்று தருவிக்கும் காருக்கு எவரும் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆக இது இங்கிலாந்தில் வாழ நினைத்தவர் கேட்டு வாங்கிய கார். அங்கே எம்1 நெடுஞ்சாலை 1959 இல் திறந்தாயிற்று, 1965 டிசம்பர் வரை அதில் வேகக் கட்டுப்பாடே இல்லை. அப்படிப்பட்டவர் ஓவர்டிரைவுக்குக் காசு கொடுத்திருந்தால் அர்த்தமிருக்கிறது. காலி வீதியில் பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்கிறவனுக்கு அது எதற்கு? நமக்கு அதைப் போட்டு ஓட அதிவேக வீதி என்று ஒன்று கிடைக்கவே 2011 ஆயிற்று.

ஸ்பீடோமீட்டரையும் பார்த்தேன். அதன் முகத்தில், கீழே, பொடி எழுத்தில் ஒரு மைலுக்குக் கேபிள் எத்தனை சுற்று என்று ஓர் எண் இருக்கும். பெட்டிக்குப் பெட்டி அந்த எண் மாறும். நல்ல சாட்சி, ஆனால் இந்தக் காரில் யாரோ முகத்துக்குப் புதிதாகப் பெயின்ற் அடித்து எண்ணை மூடிவிட்டார்கள். பின் அக்சிலைப் பார்த்தேன். நடுவில் உருண்டையான, பழைய வகை பாஞ்சோ. 1965 ரோட்ஸ்டருக்கு அதுதான் சரி. சில்லுகள் சாதாரண இரும்புச் சில்லு. சரி, சரி என்று கொப்பியில் குறித்துக்கொண்டு அடுத்ததுக்குப் போனேன். அந்த இரண்டாவது ‘சரி’யைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இதற்கிடையில் நானாவுக்குப் பொறுக்கவில்லை. சாட்சியெல்லாம் கிடக்கட்டும், இதை ஓட வைத்துப் பார்ப்போம் என்றார். கியர்பொக்ஸின் ஒயிலை இறக்கியதுமே மூக்கைப் பிடித்தார். கந்தக வாடை. எங்கோ ஒரு சேர்விஸ் ஸ்டேஷனில், கியர்பொக்ஸ்தானே என்று தடித்த கியர் ஒயிலை ஊற்றியிருக்கிறார்கள். இந்தப் பெட்டிக்கு எஞ்சின் ஒயில்தான் ஊற்ற வேண்டும், 20-50. ஓவர்டிரைவ் குடிப்பதும் அதே ஒயிலைத்தான். கழுவி, வடிகட்டியைத் துடைத்து, புதிதாக ஊற்றினார். பிறகு சோலனொயிட்டின் நெம்புகோலைச் சரிப்படுத்த வேண்டும். அதற்கொரு கணக்கு உண்டு. நெம்புகோலில் ஒரு துளை, பின்னால் உறையில் ஒரு துளை. சோலனொயிட் இழுத்த நிலையில் இரண்டு துளைக்குள்ளும் மூன்றின் கீழ் பதினாறு அங்குலக் கம்பி நேராகப் போக வேண்டும். நானா ட்ரில் பிற் ஒன்றின் வால் பக்கத்தைத்தான் செருகினார். போகவில்லை. நட்டைக் கால் சுற்றுத் திருப்பினார். போகவில்லை. இன்னும் கொஞ்சம். சளக்.

அடுத்த ஞாயிறு விடியப்புறம், மெரின் டிரைவில் ஆள் நடமாட்டம் குறைந்த நேரம். மூன்றாம் கியரில் வைத்து, காலால் மெல்ல மிதித்தபடியே சுவிட்சைத் தட்டினேன். ஒரு விநாடிக்கு ஒன்றுமில்லை. பிறகு யாரோ பின்னாலிருந்து தோளில் கை வைத்தது போல எஞ்சின் சத்தம் அப்படியே தணிந்தது. வேகம் குறையவில்லை. பக்கத்தில் இருந்த மாமா ஒன்றும் பேசவில்லை. பம்பலப்பிட்டி ஸ்ரேஷன் தாண்டியதும்தான், “அண்ணர் இப்பிடித்தான் ஓடுவார்” என்றார்.

வாங்க வந்தவருக்கு இந்த உணர்ச்சியெல்லாம் போதாது, காகிதம் வேண்டும். இங்கிலாந்தில் கேய்டன் என்ற ஊரில் பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் இருக்கிறது. 1980 இல் அபிங்டன் மூடப்பட்டாலும் அதன் பதிவேடுகள் அங்கே பாதுகாப்பாக இருக்கின்றன. செசி இலக்கத்தைக் கொடுத்து, கட்டணம் கட்டினால், அந்தக் கார் எந்த நாளில் பூட்டப்பட்டது, எந்த நிறம், எங்கே அனுப்பப்பட்டது, எஞ்சின் இலக்கம் என்ன, கூடுதலாக எதெல்லாம் கேட்கப்பட்டது என்று ஒரு சான்றிதழ் எழுதித் தருவார்கள். இதை முதல் நாளே செய்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். செய்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் அந்த நகத்தளவு மஞ்சளை நான் பார்த்திருக்கவே மாட்டேன்.

சான்றிதழ் வந்த அன்று மாமா என்னைக் காத்திருந்து, உறையை என் முன்னால்தான் கிழித்தார். கண்ணாடியை எனக்கு நீட்டி, “நீரே வாசியும்” என்றார்.

நிறம், ஓல்ட் இங்கிலிஷ் வைற். (இப்போது சிவப்பு. அது தமையனாரின் ஆசையாம்.) அனுப்பிய இடம் இங்கிலாந்துக்குள்ளேயே. எஞ்சின் இலக்கம், 18ஜிபி, ஆர்யு, எச், அதன் பிறகு எண்கள். பதிவுப் புத்தகத்தை எடுத்து விரித்தேன். சிவப்புக் கோட்டுக்குக் கீழே லிகிதர் சாய்த்து எழுதிய அதே எண்கள், ஒன்றும் பிசகவில்லை. அவர் வேண்டாமென்று விட்ட ‘ஆர்’ கேய்டனில் பத்திரமாக இருந்திருக்கிறது.

வாங்க வந்தவருக்குச் சொல்ல வேண்டியதை நான் மாமாவுக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். இந்தக் கார் ஓவர்டிரைவோடு பிறந்தது, அதற்குக் காகிதம் உண்டு. இப்போது இருக்கிற பெட்டி அதே பெட்டிதான் என்பதற்குக் காகிதம் இல்லை, ஏனென்றால் சான்றிதழில் கியர்பொக்ஸ் இலக்கம் வருவதில்லை. வகை சரி, அடைத்த குழாய் வாய் சரி, எரிந்த மஞ்சள் வயர் சரி. எஞ்சின் பிறகு வந்தது. இதில் ஒரு வார்த்தையையும் கூட்டிச் சொல்ல வேண்டாம் என்று அடிக்கோடும் இட்டேன். பழைய கார் விற்கிறவர்களில் பாதிப்பேர் இந்த இரண்டு வசனங்களையும் ஒன்றாகக் குழைத்துத்தான் விற்கிறார்கள்.

கூடுதல் உறுப்புகளின் பட்டியலை நான் அப்போதுதான் முழுதாக வாசித்தேன். ஓவர்டிரைவ். ஹீட்டர். ஸ்போக் சில்லு.

ஸ்போக் சில்லா?

அந்த இரண்டாவது ‘சரி’. இரும்புச் சில்லைக் கண்டதும் சரி என்று குறித்துக்கொண்ட என் புத்தியை என்ன சொல்ல. ஸ்போக் சில்லுக் காருக்கு ஹப்பே வேறு, பற்கள் வெட்டிய ஹப், நடுவில் ஒற்றைப் பெரிய நட். இரும்புச் சில்லுக்கு மாற்றுவதென்றால் முன்பக்க ஹப் மாற வேண்டும், பின்பக்கம் அக்சிலையே மாற்றிவிடுவார்கள். ஆக நான் நல்ல பாஞ்சோ என்று தட்டிக்கொடுத்த அக்சில் இந்தக் காரினுடையதாக இருக்க வாய்ப்பில்லை. ஓவர்டிரைவையே பார்த்துக்கொண்டு நாலு மாதம் கிடந்ததில், அதிலிருந்து ஒரு ஆள் நீளம் பின்னால் இருந்ததை விட்டுவிட்டேன்.

“மாமா, இதுக்கு ஸ்போக் சில்லு இருந்ததோ?”

மாமா யோசித்தார். இருந்தது போலத்தான் ஞாபகமாம். கடற்காற்றுக்குக் கம்பிகள் துருப்பிடித்து, ஒவ்வொன்றாகத் தளர்ந்து, ரியூப் அடிக்கடி வெடித்து, அண்ணர் வெறுத்துப்போய் யாருக்கோ கொடுத்திருப்பார் என்றார். எந்த வருசம்? தெரியாது. யாருக்கு? தெரியாது. “அதுக்கு ஏதும் அத்தாட்சி வேணுமே, தம்பி? நாங்கள் இப்ப எங்க போறது?”

குசினியில் டொக் டொக் என்று சத்தம் கேட்டது.

நான் எழுந்து போனேன். மாமி அம்மியில் பனங்கட்டியை வைத்து உடைத்துக்கொண்டிருந்தார். கையில் ஒரு சுத்தியல். குட்டையான மரப்பிடி, தலை கொழுத்து, இரண்டு முகமும் அடிபட்டு அடிபட்டு வெளியே விரிந்து பூப்போல மடிந்திருந்தது. இரும்பென்றால் அப்படி விரியாது. வாங்கி, நகத்தால் சுரண்டினேன். பனங்கட்டிப் பிசுக்குக்குக் கீழே செம்பு.

ஸ்போக் சில்லின் நடு நட்டுக்குக் காது இரண்டு இருக்கும். ஸ்பானர் போட முடியாது, காதில் அடித்துத்தான் கழற்ற வேண்டும். இரும்பால் அடித்தால் குரோமியம் சிதையும் என்பதால் செம்புத் தலைச் சுத்தியல். அந்த வேலையைத் தவிர ஒரு வீட்டில் அது இருக்க வேறு காரணமே இல்லை.

“மாமி, இது எப்ப தொடக்கம் இஞ்ச இருக்குது?”

“நான் கலியாணம் முடிச்சு வந்த நாள் தொட்டு உது இந்தக் குசினியிலதான். ஏன்?”

மாமா பின்னால் வந்து நின்று விசயத்தைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. அப்படியென்றால் இதையும் காரோடு சேர்த்துக் கொடுப்போம், வாங்குகிறவருக்கும் நம்பிக்கை வரும் என்றார்.

மாமி என் கையிலிருந்து சுத்தியலைத் திருப்பி வாங்கிக்கொண்டார். “காரை விக்கிறதெண்டா வில்லுங்கோ. உது போகாது.”

டொக்.